வெள்ளிக்கிழமைச் சர்க்கரை

நான் வேலை பார்ப்பது மன்னார்புரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். வண்டி இடித்தது, கடை எரிந்தது, கூரை பறந்தது என்று வருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று பார்க்க வேண்டும். எனக்குச் சம்பளமே யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான். நம்பப்படாதவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. என் வீட்டிலேயே, என் சமையலறையிலேயே அந்த அனுபவம் கிடைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டு காலையில் நடை போகிறார்களே, அந்தச் சர்க்கரை இல்லை. உடம்பு இன்சுலினைச் சுரப்பதே இல்லை. வெளியிலிருந்து போட்டால்தான் உண்டு, போடாவிட்டால் ஆள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் இந்த வீட்டுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது இதைச் சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், தளிகை பண்ணத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். சமையல் என்று சொல்லாமல் தளிகை என்று சொல்லும் வீடு இது என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

தினமும் ஊசி குத்திக்கொண்டிருந்த எனக்குத் தில்லை நகர் டாக்டர் பம்ப் வைத்துவிட்டார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. அதற்குள் இன்சுலின். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி என் வயிறு வரை வரும். வயிற்றில் வட்டமாக ஒரு பிளாஸ்திரி. பிளாஸ்திரிக்கு நடுவே நகக்கண் அளவு நீளத்தில் ஒரு மெத்தென்ற பிளாஸ்டிக் குழல் தோலுக்குள் போயிருக்கும். அந்த வழியாக நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கும். சாப்பிடும்போது எவ்வளவு சாப்பிடப்போகிறோம் என்று கணக்குப் பார்த்து பட்டனை அழுத்தினால் அதற்கும் சேர்த்துக் கொடுக்கும். குழாயும் பிளாஸ்திரியும் சேர்ந்தது செட். மூன்று நாளைக்கு ஒருமுறை பழைய செட்டைப் பிடுங்கிவிட்டு வேறு இடத்தில் புது செட் போட வேண்டும்.

பம்ப் வந்த அன்று அது மடிக்கு ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. மடி என்றால், குளித்துவிட்டு, தனியாக உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, பெருமாளுக்குத் தளிகை முடிகிறவரை வெளிச் சாமான் எதையும் தொடாமல் இருப்பது. மாமியார் பம்பைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். "ஒடம்புல ஒட்டிண்டிருக்கறது ஒடம்புதான்" என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் இதைவிட மோசமான தீர்ப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் செட் போடும் முன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சு பாஸாகவில்லை. சின்னக் காகித உறையில் வரும். கிழித்தாலே குப்பென்று வாசனை. மற்ற நாளில் எப்படியோ போகட்டும், வெள்ளிக்கிழமை மடியில் அது கூடவே கூடாது என்றார். "தீர்த்தமாடிட்டு வந்து சாராயத்தைத் தடவிப்பாளா யாராவது? மஞ்சள் பூசிண்டிருக்கியே, மஞ்சளை விடவா அது கிருமியைக் கொல்லப்போறது?"

கேட்க அறிவியல் மாதிரியே இருந்தது. நானும் சரி என்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று, பெண்களுக்கு எண்ணெய்க் குளியல். இரண்டு, பெருமாளோடு இருக்கும் தாயாருக்கு அக்காரவடிசில். மண்ணச்சநல்லூர் அரிசியைப் பாலில் குழைய வேகவிட்டு, வெல்லமும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து அதைக் கிண்டுவது என் பொறுப்பு. கண்டருளப் பண்ணுவதற்கு முன், அதாவது பெருமாளுக்கும் தாயாருக்கும் காட்டுவதற்கு முன், ஒரு பருக்கை நாக்கில் படக் கூடாது. மோந்துகூடப் பார்க்கக் கூடாது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் கிண்டுவேன். கண்டருளப் பண்ணிய பிறகும் எனக்குக் கிடையாது; எனக்குத்தான் சர்க்கரையாயிற்றே. கிண்ணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவேன். பம்ப் வந்த பிறகு, அளவு பார்த்து மருந்தைப் போட்டுக்கொண்டு எதையும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டு வாங்கித் தின்ன எனக்கும் ரோஷம் விடவில்லை.

என் அக்காரவடிசிலைப் பற்றி வெள்ளிக்கிழமைதோறும் ஒரே விமர்சனம்தான். மாமியார் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "வெல்லம் கம்மி" என்பார். அடுத்த வாரம் ஒரு கட்டி கூடப் போடுவேன். "வெல்லம் கம்மி." ஒருமுறை நியாயமாகக் குற்றத்தைப் பாதி அரிசியின் மேல் போட்டு, "இந்த அரிசி வெல்லத்தைக் குடிக்கறது" என்றார்.

இந்த நிலைமையில்தான் வெள்ளிக்கிழமைகளில் என் சர்க்கரை ஏற ஆரம்பித்தது.

எல்லா வெள்ளிக்கிழமையும் இல்லை. சில வெள்ளிக்கிழமைகள். காலையில் குளித்து, புது செட் போட்டு, கிண்டிவிட்டு அலுவலகம் போவேன். மதியத்துக்குள் நாக்கு வறண்டுவிடும். விரலில் குத்திப் பார்த்தால் முந்நூறைத் தாண்டியிருக்கும். பம்பைத் தட்டிப் பார்த்தால் எல்லா மருந்தையும் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லும். இன்னும் கொஞ்சம் கொடு என்றால், கொடுத்துவிட்டேன் என்று சொல்லும். சர்க்கரை நானூறைத் தொடும். இப்படிப் பேசும் ஆட்கள் எனக்கு அலுவலகத்திலும் உண்டு.

டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். "செட் மாத்துனா ரெண்டு மணி நேரத்துல சுகர் பாருங்கம்மா. ஏறிக்கிட்டே இருந்துச்சுன்னா மெஷின் சொல்றதை நம்பாதீங்க. ஊசியில மருந்து போட்டுட்டு, செட்டைப் பிடுங்கிட்டு வேற போடுங்க." அதற்காகக் கைப்பையில் ஊசியும் ஒரு செட்டும் எப்போதும் இருக்கும். அலுவலகக் கழிப்பறைக்குள் போய் ஊசி போட்டுக்கொள்வேன். செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசு போடுவேன். அங்கே ஸ்பிரிட் பஞ்சுக்குத் தடை இல்லை. சாயங்காலத்துக்குள் சர்க்கரை இறங்கிவிடும்.

பிடுங்கிய செட் ஈரமாக இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. திருச்சியில் கோடையில் ஈரமில்லாதது எது? மஞ்சளாக இருந்ததா? வெள்ளிக்கிழமையன்று என் கழுத்து மஞ்சள், கைக்குட்டை மஞ்சள், அலுவலகக் கோப்பின் ஓரம்கூட மஞ்சள். வாசனை வந்ததா? கழிப்பறையில் பினாயில் வாசனை வராமல் தாழம்பூவா மணக்கும்? புலன் விசாரணையில் பேர் வாங்கியவள் நான். எல்லாச் சாட்சியையும் என் கையாலேயே குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் களத்தில் இறங்கியது கணவர். அவர் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை செய்பவர். குழாய் என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டதால் அதில் தனக்குப் பாத்தியதை உண்டு என்று நினைத்தார். இன்சுலின் வெயிலில் கெட்டிருக்கும் என்றார். புது பாட்டில் வாங்கினோம். அடுத்த செட் திங்கட்கிழமை, சர்க்கரை நூற்றிருபது. "பாத்தியா" என்றார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முந்நூற்றைம்பது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தை ஜில்லென்று ஏற்றுவதால் குழாயில் காற்றுக்குமிழி நிற்கிறது என்றார். அரை மணி வெளியே வைத்து ஏற்றினோம். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நுனியில் துளி வருகிறவரை காத்திருந்தோம். அந்த செட் ஒரு வியாழக்கிழமை, சர்க்கரை நூற்றுப்பத்து. மறுபடி "பாத்தியா." மூன்று நாள் கணக்கில் செட் ஒவ்வொரு முறையும் வேறு கிழமையில் வந்து விழுந்தது. வெள்ளிக்கிழமையில் எப்போதாவதுதான். ஒவ்வொரு வைத்தியமும் பலித்தது, அடுத்த வெள்ளிக்கிழமை செட் வரும் வரை.

அவர் கடைசியில் வந்து நின்ற இடம் இது. "மெஷின்ல அடைப்பு இருந்தா அலாரம் அடிச்சிருக்கும். அடிக்கலை. மருந்து போயிடுத்துன்னு சொல்றது. அப்போ மெஷின் சரி." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. மெஷின் சரி என்றால் வேறு யார் சரியில்லை என்பது மீதி.

மீதியை மாமியார் சொன்னார். அன்றைக்கு அலுவலகத்தில் நான் கொஞ்சம் தாமதித்துவிட்டேன். கூட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. எழுந்து போவதற்குள் வாந்தி வந்துவிட்டது. உடன் வேலை பார்க்கிற பெண் ஆட்டோ வைத்துத் தில்லை நகர் கூட்டிப்போனாள். இன்சுலின் இல்லாமல் ரத்தம் புளித்துப்போக ஆரம்பித்திருந்தது. டிரிப் ஏற்றி மறுநாள்தான் விட்டார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தேன். மாமியார் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. வெள்ளிக்கிழமைன்னா மட்டும் ஏர்றதே. வெள்ளிக்கிழமை இந்தாத்துல என்ன பண்றோம்?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"ஆசைதான், தப்புங்கலை. எல்லாரும் சாப்பிடறா, நமக்கு இல்லையேன்னு இருக்கும். ஆனா தாயார் கண்டருளறதுக்கு முன்னாடி..."

முடிக்கவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவர் நிஜமாகவே எனக்காகவும் தாயாருக்காகவும் வருத்தப்பட்டார். இத்தனை வருஷமாக எச்சில்பட்டதைக் காட்டியிருக்கிறோமோ என்று அவர் பயந்தது தெரிந்தது. நான் தின்னவில்லை அம்மா என்றேன். சரி என்றார். எங்கள் அலுவலகத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் அப்படித்தான் சரி என்பேன். கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒடம்பு தேறட்டும். இனிமே வெள்ளிக்கிழமை தளிகை நானே பண்ணிக்கறேன்" என்றார் மாமியார்.

நான் அழுதேன். டிரிப் ஏற்றியபோது அழவில்லை. ஆசுபத்திரியில் இருந்தது உயிர்ப் பயம்; அது போய்விட்டது. இது போகவில்லை. அக்காரவடிசில் கிண்டுவது எனக்கு அவ்வளவு இஷ்டமான வேலை என்று சொல்ல முடியாது, கை வலிக்கும். ஆனால் திருடி என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டால் கை இன்னும் வலிக்கிறது.

கரண்டி இல்லாத சில வெள்ளிக்கிழமைகள் போயின. அவற்றில் எதுவும் செட் மாற்றும் நாளாக வரவில்லை. சர்க்கரை ஒழுங்காக இருந்தது. கரண்டியை வாங்கியதும் சர்க்கரை அடங்கிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. எதிர்க்கட்சி வக்கீலுக்கு இதைவிட நல்ல கேஸ் அமையாது.

பிறகு செட் மாற்ற வேண்டிய வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் பழைய செட்டை எடுத்துவிட்டேன். எதுவும் ஒட்டாத வெறும் வயிறு எனக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். செட் இருக்கிற நாளில் அதைச் சுற்றி எண்ணெய் படாமல் ஒதுக்கித்தான் தேய்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுகிற நாளில் மட்டும் ஆசை தீர வயிறு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்து ஊறலாம். ஊறினேன். சீயக்காய் போட்டுக் குளித்து, மஞ்சள் பூசி, மடிப் புடவை கட்டிக்கொண்டு, ஈரத்தைத் துண்டால் ஒற்றிவிட்டுப் புது செட்டை வைத்து அமுக்கினேன். ஒட்டிக்கொண்டது. ஓரமெல்லாம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

சமையலறை வாசலில் போய் நின்றேன். உள்ளே மாமியார் கிண்டிக்கொண்டிருந்தார். உள்ளே போக எனக்குத் தடை இல்லை, வேலை இல்லை, அவ்வளவுதான். இட்லிக்கு முன்கூட்டியே மருந்து போட வேண்டும் என்று இடுப்பிலிருந்த பம்பை அழுத்தினேன். அது கொடுக்க ஆரம்பித்தது.

மாமியார் கரண்டியை நிறுத்தினார். தலையைத் திருப்பி மூச்சை இழுத்தார்.

"கார்த்தால பினாயில் போட்டுத் தொடச்சியா?"

"இல்லையேம்மா."

"பொய் சொல்லாதே. வர்றதே. தளிகை வேளையில பினாயில் வாசனை வரலாமா?"

திருடியோடு பொய்யும் சேர்ந்துவிட்டதா என்று எனக்குச் சுருக்கென்று வந்தது. எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை என்றேன். மாமியார் அடுப்பைத் தணித்துவிட்டு வாசனை வரும் வழியைத் தேட ஆரம்பித்தார். தொட்டி முற்றத்தை மோந்தார். வாசல்படியை மோந்தார். பிறகு என் பக்கம் வந்து, என்னைத் தொடாமல் குனிந்து, இடுப்புக்கு நேரே நின்றார்.

"இங்கேந்துதான் வர்றது."

எனக்கு உறைத்தது. இன்சுலினுக்கு வாசனை உண்டு. பாட்டில் மூடியில் குத்தும்போதே வரும், ஆசுபத்திரி வராந்தா மாதிரி. சின்ன வயதிலிருந்தே அதிலேயே வளர்ந்தவள். மீன்காரிக்கு மீன் நாற்றம் தெரியாதது போல என் மூக்குக்கு அது வாசனையே இல்லை. உடம்புக்குள் போக வேண்டிய மருந்து வெளியே மணக்கிறது என்றால் அது உள்ளே போகவில்லை.

கணவரைக் கூப்பிட்டேன். கூடத்தில் வைத்து, அவர்கள் இரண்டு பேரும் பார்க்க, பிளாஸ்திரியை மெதுவாக உரித்தேன். ஓரம் நன்றாக ஒட்டியிருந்தது. நடுவில் ஒட்டவே இல்லை. அடியெல்லாம் மஞ்சளும் எண்ணெயுமாகப் பிசுபிசுத்தது. தோலுக்குள் இருக்க வேண்டிய குழல் வெளியே வந்து, வெந்த சேமியா மாதிரி மடங்கிக் கிடந்தது. சற்று முன் கொடுத்த மருந்து அப்படியே பிளாஸ்திரிக்கு அடியில் தேங்கியிருந்தது. எண்ணெய் தடவிக்கொண்டு மணலில் புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள். பிளாஸ்திரிக்கும் அதுதான்.

கணவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழிற்சாலையில் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, எந்த ஒட்டு வியர்க்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய தினசரி வேலை.

"அடைப்புன்னா கத்தும்" என்றார் மெதுவாக. "ஒழுகினா எதுக்குக் கத்தும்? அதுபாட்டுக்குத் தள்ளிண்டே இருக்கும். எனக்கு இது தோணியிருக்கணும்." பிறகு என்னைப் பார்த்து, "சாரி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்ட முதல் சாரி. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு ஊசி எடுக்கப் போனேன்.

மாமியார் அந்த மஞ்சள் பிசுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிட் வேண்டாம், மஞ்சள் போதும் என்றது யார் என்று நான் நினைவுபடுத்தவில்லை. பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். நினைவுபடுத்தத் தேவையில்லாதபடி அவர் முகம் இருந்தது. உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு மறுபடி கிண்ட ஆரம்பித்தார். நான் ஊசி போட்டுக்கொண்டு, எண்ணெய் படாத மேல்தொடையில், ஸ்பிரிட் போட்டு அழுத்தித் துடைத்துவிட்டு வேறு செட் வைத்தேன். கணவர் இரண்டு மணி நேரம் கழித்து அலுவலகத்துக்கு போன் பண்ணிச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். நூற்று நாற்பது. "பாத்தியா" என்று சொல்லவில்லை.

மறுபடியும் ஒரு செட் வெள்ளிக்கிழமையில் வந்தது. குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் வெளியே ஸ்டூலில் ஒரு ஸ்பிரிட் பஞ்சு உறை இருந்தது. ஒரு வாழையிலைத் துண்டின் மேல் வைக்கப்பட்டிருந்தது. மடிக்கும் மருந்துக்கும் நடுவே அவர் கண்டுபிடித்த சமரசம் அது. துடைத்து செட்டைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அரிசியும் வெல்லமும் எடுத்து வைத்திருந்தது. கரண்டியும் இருந்தது. மாமியார் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"பால் பொங்கிடப்போறது, பாரு" என்றார்.

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்டினேன். கண்டருளப் பண்ணியாயிற்று. மாமியார் ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"வெல்லம் கம்மி."

வழக்கம்தானே என்று நான் பஸ்ஸுக்குப் பையை எடுத்தேன். அவர் இன்னும் மென்றுகொண்டிருந்தார். மெல்ல ஒன்றுமே இல்லாத பண்டம் அது.

"எல்லா வெள்ளிக்கிழமையும் கம்மி" என்றார். "கொஞ்சம் வாயில போட்டுப் பாக்கறவளா இருந்தா ஒரு தரமாவது சரியா வந்திருக்காதோ? இது எனக்கு ஏன் தோணலை?"

அது எனக்கே தோன்றவில்லை. எத்தனையோ பேருடைய பொய்யை அவர்கள் சொன்ன இரண்டு விஷயத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே பிடித்திருக்கிறேன். என் நிஜம் வாரா வாரம் என் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது. நான் பையோடு நின்றேன். சந்தோஷமா ஆத்திரமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான்.

மாமியார் ஒரு கரண்டி எடுத்தார். நெய் வழிய, நிறையவே எடுத்தார்.

"கையை நீட்டு. எவ்வளவு மருந்தோ அதுல போட்டுக்கோ."

இடது கையால் பம்பை அழுத்தினேன். கொடுத்துவிட்டேன் என்று அது சொன்னது. இந்த முறை இரண்டு பேருமே ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தோம். நெய் வாசனை மட்டும்தான் இருந்தது. கல்யாணமானதிலிருந்து நான் கிண்டிய அக்காரவடிசிலை முதல்முறையாக வாயில் போட்டுக்கொண்டேன்.

வெல்லம் கம்மிதான்.